ஐந்தாவது கோரிக்கை

எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் நல்லவளா கெட்டவளா என்று வருஷா வருஷம் ரகசிய அறிக்கை எழுதுவது டாக்டர்கள்தான். நோயாளியை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறாளா என்பதெல்லாம் அவர்களுக்கு இரண்டாம் பட்சம். எழுபத்தெட்டில் பூங்கோதைக்குப் 'பணிவு இல்லை' என்று எழுதினார்கள். பெரிய டாக்டர் டீ போடச் சொன்னபோது ஒரு கிழவருக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது, இவள் கட்டிலை விட்டு நகரமாட்டேன் என்றுவிட்டாள். அவ்வளவுதான் குற்றம். அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த இரண்டு வார்த்தை அப்படியே நின்றால் மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நான் தங்கம். அவளுடைய வார்டுக்கு சிஸ்டர் இன்சார்ஜ், நர்ஸ்கள் சங்கத்துக்குச் செயலாளர். சங்கம் கூடி ஆறு கோரிக்கைகளை முடிவு செய்தது. எங்கள் அறிக்கையை நர்ஸ்களுக்குத் தலைவியான மேட்ரன்தான் எழுத வேண்டும், இந்த வருஷத்து அறிக்கைகளையும் அவரே திரும்பப் பார்க்க வேண்டும் என்பது ஐந்தாவது. மற்றதெல்லாம் மின்விசிறி, ஷூ, சலவைப் படி வகையறா.

மனு எழுதும் வேலையை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். நல்லசிவம் மத்திய சர்க்காரில் அப்பர் டிவிஷன் கிளார்க். டில்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் யாருக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமென்றாலும் எங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். சங்கத்திலும் அதில் எல்லோருக்கும் பெருமை.

டூட்டி முடிந்து வந்ததும் டைப் அடித்த தாளைக் கொடுத்தார். நின்றபடியே படித்தேன். ஐந்து கோரிக்கைதான் இருந்தது.

"ரகசிய அறிக்கை விஷயம் எங்க?"

"அத எடுத்துட்டேன். டாக்டர்மார் அதிகாரத்துல கை வச்சா ஒம் பிரமோஷன் அம்போன்னு போயிரும். அடுத்த மேட்ரன் நீதான்னு எல்லாரும் சொல்லுதாங்க. நீயே கெடுத்துக்கிடாத."

"பூங்கோதை என்ன செய்வா?"

"சின்னப் புள்ளதான, வேற எடம் பாத்துக்கிடுவா. கையெழுத்தப் போடு."

சண்டை போட்டிருக்கலாம். கோபமே வரவில்லை என்பதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. மேட்ரன் என்ற வார்த்தை காதுக்கு இனித்தது. கால் வலித்தது. இன்னும் உலை வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

பேச்சுவார்த்தைக்கு நாலு பேர் போனோம். பூங்கோதை வெளியே வராந்தாவில் நின்றாள். ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் மனுவைப் படித்துவிட்டு, "அச்சா டிராஃப்ட், சிஸ்டர்" என்றார். மின்விசிறிக்குச் சரி, ஷூவுக்குச் சரி என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். எங்களில் துணிச்சல்காரியான ஜெயலட்சுமி ரகசிய அறிக்கையைப் பற்றிக் கேட்டாள். அவர் தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, இதில் அப்படி ஒன்றும் இல்லையே, மனுவில் இல்லாததைப் பேச முடியாது என்று சிரித்தார்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"வீட்டுக்காரர் டைப் அடிச்சுட்டு வந்தாங்க. நான் பாக்காமப் போட்டுட்டேன்" என்றேன். பொய் சொன்ன உறுத்தல்கூட இல்லை, உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. வெளியே வந்ததும் ஜெயலட்சுமி அதையே பூங்கோதையிடம் சொன்னாள். நான் மறுக்கவில்லை.

வீட்டில் நல்லசிவம், "டிராஃப்ட் எப்படின்னு சொன்னாங்களா?" என்று கேட்டார். பாராட்டினார்கள் என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டேன்.

மாதக் கடைசியில் பூங்கோதைக்கு ஆர்டர் வந்தது. ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு, பெட்டியும் கையுமாக வார்டுக்கு வந்தாள். நான் மருந்து சார்ட் எழுதிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு உங்க மேல வருத்தம் இல்லக்கா. அவரு எடுத்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? படிச்சுப் பாத்திருந்தா நீங்க விட்டிருக்க மாட்டீங்க."

தலையாட்டி அனுப்பியிருந்தால் போயிருப்பாள், விழாக் காலத்தில் கடிதம்கூடப் போட்டிருப்பாள்.

"படிச்சுட்டுத்தான் போட்டேன்" என்றேன்.

அவள் பெட்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"சரிங்க சிஸ்டர்" என்றாள்.