அந்தக் கையிலும் மீன் வாடை

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது கடலில் மீன் மிச்சம் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஐஸ் ஏற்றிக்கொண்டு போயிருந்த பெலிக்கன் குடாவின் படகுகள் பறக்கும் மீனான பறவைக் கோலாவை வாரிக்கொண்டு, விளிம்பைத் தண்ணீர் தொட, நிறைமாதக்காரிகள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு கரைக்கு வந்தன. துறையில் படுத்திருந்த பூனைகள்கூட ஒரு நிலைக்கு மேல் அலுத்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

சந்தைக் கூடத்தில் பெண்கள் வரிசையாக நின்று முள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு பலகை, ஆளுக்கொரு குட்டைக் கத்தி. வயிற்றில் ஒரு கீறல், முதுகெலும்போடு ஒரு இழுப்பு, பக்கவாட்டில் இரண்டு சீவல். மீன் புத்தகம் மாதிரி விரிந்து தட்டில் விழும். பார்படோஸ் தீவில் எத்தனையோ பேர் முள் எடுப்பார்கள். ஆனால் எர்மினின் கத்தியில் பட்ட மீனுக்குத் தன் முள் போன சங்கதி வாணலியில் விழுந்த பிறகுதான் தெரியும். அவள் ஆறடி உயரம், அதற்கேற்ற குரல். குடாவில் அவள் தும்மினால் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் யாராவது ஒருவர் 'ஆண்டவர் காப்பாராக' என்று சொல்வார்.

அன்று மேட்டுக் கோவிலில் அறுப்பின் பண்டிகை. பிரசங்கம் எர்மினுடையது. கிட்டன்ஸ் பாதிரியார்தான் கூப்பிட்டிருந்தார். வேதபாட வகுப்பில் அவர் ஒரு வசனம் சொன்னால் அவள் ஒன்பது சொல்லுவாள். "நீயே ஏறிப் பேசிடு எர்மின். எனக்கும் ஒருநாள் கீழே உட்கார்ந்து கேட்கணும்" என்று சொல்லிவிட்டார். சந்தையிலிருந்து ஒருத்தி அந்தப் பிரசங்க மேடையில் ஏறியதே கிடையாது. மீன்காரப் பெண்களுக்குக் கதவோரம் கடைசி பெஞ்சு. அங்கேதான் காற்று வரும் என்று எப்போதோ யாரோ கரிசனமாகச் சொல்லி வைத்திருந்தார்கள்.

நீலக் கவுன் ஒன்று, வெள்ளைக் காலர் வைத்தது, கூடத்து ஆணியில் சர்க்கரைச் சாக்குக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை முடிந்ததும் குளித்துவிட்டு அதைப் போட்டுக்கொண்டு மேடு ஏறுவதாகத் திட்டம்.

கோவிலின் முதல் மணி அடித்து ஓய்ந்தபோது கிளேர்மான்ட் வந்தார். கூடத்துக் கடைகளில் பாதி அவருடையது. கோவிலில் காணிக்கைத் தட்டைச் சுமப்பவரும் அவரே. பாலாடை நிறத்தில் கோட்டு சூட்டு. தரையில் ஓடிய மீன் தண்ணீரில் பட்டுவிடாமல் கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்.

"எர்மின், விடிவெள்ளி படகு உள்ள வருது. அதையும் முடிச்சிட்டுத்தான் கையக் கழுவணும்."

"முதலாளி, நான் இன்னிக்குப் பேசணும். நீங்க கேட்கணும். ரெண்டு பேருக்கும் கோவில்ல வேலை இருக்கு."

"எனக்கு அங்க வேலை. உனக்கு இங்க வேலை."

"ஐஸ்ல போட்டு வச்சா மத்தியானம் வந்து எல்லாத்தையும் முடிச்சிடுறோம். மீன் எங்க பறந்துடப் போகுது?"

"இது பறக்குற மீன் அக்கா, பாத்துப் பேசு" என்றாள் பக்கத்துப் பலகை மார்வா. வரிசை முழுவதும் சிரித்தது. கிளேர்மான்ட் சிரிக்கவில்லை.

"போறவங்க தாராளமாப் போகலாம். நான் யார் கையையும் புடிச்சு வைக்கலை. பலகை மட்டும் யாருக்காகவும் காத்துக்கிட்டு இருக்காது."

அவர் அப்படித்தான் சொல்வார். ஆளை வேலையை விட்டு நிறுத்த வேண்டுமானால் வாய் திறந்து நிறுத்துகிற பழக்கம் அவருக்கு இல்லை. மறுநாள் காலையில் அவளுடைய பலகை குப்புறக் கவிழ்ந்து கிடக்கும். வருகிறவள் பார்ப்பாள், கத்தியை ஏப்ரன் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். எர்மினுக்கு அந்தப் பலகை அவள் அம்மா நின்ற இடம். வீட்டில் படுக்கையில் கிடக்கும் புருஷனுக்கு மருந்தும், அடுப்பில் கிண்டும் சோளமாவும் அதிலிருந்துதான் வந்தன.

கிளேர்மான்டின் கார் மேடு ஏறிப் போயிற்று. விடிவெள்ளியின் கூடைகள் வந்து இறங்கின. இரண்டாவது மணி அடிக்க ஆரம்பித்தது.

"போக்கா" என்றாள் மார்வா. "நாங்க பாத்துக்குறோம்."

"காலி பெஞ்சுக்கா நான் பிரசங்கம் பண்ண? 'எல்லாரும் வாங்க'ன்னு சொல்லப்போறேன். என் ஆளுங்களே வரலைன்னா எவன் நம்புவான்?"

கத்திகள் நின்றன. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தாள். பிறகு மார்வா ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கினாள். கூடை கூடையாக மீன் உள்ளே போயிற்று. அவர்கள் ஐஸ் அள்ளிப்போட்ட வேகத்துக்குத் தீவே குளிர்ந்திருக்கும்.

எர்மின் ஆணியில் தொங்கிய சாக்கைப் பார்த்தாள். தன் கைகளைப் பார்த்தாள். முழங்கை வரை செதில் ஒட்டி, ராணிக்குத் தைத்த சட்டைக் கை மாதிரி மின்னிக்கொண்டிருந்தன.

"குளிக்க நேரமில்ல. இந்த உடம்பு மேல அதைப் போட்டா கவுன்தான் பாழாப்போகும்."

"அப்ப ஏப்ரனோடயே வா. ஆண்டவருக்கு நீ யாருன்னு தெரியாதா என்ன?"

அன்றன்றைக்கு ஆளுக்கு ஒரு பிடி மீன் கூலியோடு சேர்த்துக் கிடைக்கும். அது அவரவர் சொந்தம். அந்தப் பிடிகளையெல்லாம் ஒரே தட்டில் அடுக்கினார்கள். ரப்பர் பூட்ஸ் 'சளக் சளக்' என்று சத்தம் போட மேடு ஏறினார்கள். பாதி வழியில் மார்வா திரும்பிப் பார்த்தாள். காலையில் முகத்தைத் திருப்பிக்கொண்ட பூனைகள் மனம் மாறி ஊர்வலமாகப் பின்னால் வந்துகொண்டிருந்தன.

கோவிலுக்குள் அறுப்பு குவிந்து கிடந்தது. பீடத்தின் இரண்டு பக்கமும் கரும்புத் தோரணம். சீமைப்பலா, பூசணி, மரவள்ளி. கிழங்கு ஒன்றை மட்டும் தூக்கி வைக்க பாடகர் குழு முழுக்கத் தேவைப்பட்டிருந்தது. நடுவில் கிளேர்மான்டின் மனைவி செய்த கேக், கோவில் வடிவத்தில், கோபுரமும் மணியும் வைத்தது. அந்த அம்மாள் முன் பெஞ்சில் முழங்கை வரை வெள்ளைக் கையுறை அணிந்து உட்கார்ந்திருந்தார்.

முதலில் வாடை வந்தது. பிறகு பெண்கள் வந்தார்கள். பெஞ்சு பெஞ்சாக விசிறிகள் வேகமெடுத்தன. பூனைகள் படியிலேயே மரியாதையாக உட்கார்ந்துகொண்டன. எர்மின் நேரே நடந்து போய் மீன் தட்டைக் கேக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். கிட்டன்ஸ் பாதிரியார் தட்டைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார், எட்டிக் கரும்பை ஒதுக்கித் தட்டுக்கு நல்ல இடம் விட்டார்.

பிறகு அவள் மேடை ஏறினாள். படிகளில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"நான் குளிச்சிட்டு வரலை. அதுக்கு மன்னிப்பு கேட்கவும் போறதில்லை. அறுப்பைக் கொண்டு வாங்கன்னாங்க. கரும்பு வெட்டுறவங்க கரும்பு கொண்டு வந்தாங்க. என் வயல் ஈரமானது. அதுல வெளஞ்சது அங்க தட்டுல இருக்கு. மிச்சம் என் மேல ஒட்டியிருக்கு."

கடைசி பெஞ்சில் யாரோ "ஆமென்" என்றார்கள்.

"அஞ்சு அப்பம், ரெண்டு மீன், ஐயாயிரம் பேரு. எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அதுல ஒருத்தர் தொண்டையிலயாவது முள் குத்திச்சுன்னு எழுதியிருக்கா? மத்தேயு எழுதலை. மாற்கு எழுதலை. லூக்கா வைத்தியரு, அவருகூட எழுதலை! ஏன் குத்தலை? எவளோ ஒருத்தி உட்கார்ந்து முள் எடுத்திருக்கா. அவ பேரு புத்தகத்துல இல்ல. ஆனா அவ கை பட்ட மீனைத்தான் ஆண்டவர் கையில எடுத்தார், வானத்தைப் பார்த்தார், ஆசீர்வாதம் பண்ணினார். மூக்கைப் பொத்திக்கிட்டாருன்னு எந்தச் சுவிசேஷத்துலயும் இல்ல."

விசிறிகள் கொஞ்சம் தயங்கின.

"அப்புறம் அவரைக் கொன்னாங்க. சாவை ஜெயிச்சு எழுந்து வந்தார். வந்தவர் என்ன பண்ணினார்? முன் பெஞ்சு கேட்டாரா? கரையில குந்தி அடுப்பு மூட்டி மீன் சுட்டார். ராப்பூரா வலை இழுத்துட்டு வந்தவங்களைப் பார்த்து, 'வாங்க, சாப்பிடுங்க'ன்னு கூப்பிட்டார். யோக்கியன் மட்டும் வான்னு சொல்லலை. மூணு தடவை தெரியாதுன்னு சொன்ன பேதுருவும் அங்கதான் நிக்கிறான். கோட்டு போட்டவன் வா, போடாதவன் அந்தாண்ட நில்லுன்னு சொல்லலை. ஆணி அடிச்ச அந்தக் கையில அன்னிக்கு என்ன வாடை அடிச்சிருக்கும்? சொல்லுங்க."

அவள் மேடையின் விளிம்பில் கையை ஊன்றிக் குனிந்தாள்.

"எல்லாரும் படிச்சவங்கதானே, சொல்லுங்க!"

"மீன் வாடை!" என்றாள் மார்வா கதவோரத்திலிருந்து.

"கேட்கலை!"

"மீன் வாடை!" கடைசி பெஞ்சு, அதற்கு முன் பெஞ்சு, பாடகர் குழு. கண்ணாடி ஜன்னலில் நின்ற பரிசுத்தவான்கள் அதிர்ந்து ஒரு அடி பின்வாங்கினார்கள்.

"'கதவோரம் உங்களுக்குக் காத்து வரும்'னு எங்ககிட்ட சொல்லி வச்சாங்க. காத்து எங்களுக்கா, உங்களுக்கா? இந்த வாடைக்கு விசிறுறவங்க பரலோக வாசல்லயும் விசிறிக்கிட்டேதான் போகணும். ஏன்னா அங்க நமக்குக் கை நீட்டப் போறது அந்தக் கைதான்."

அவள் இறங்கினாள். கிட்டன்ஸ் பாதிரியார் எழுந்து நின்று மூக்கைச் சிந்தினார். பிறகு, "கர்த்தருடைய சமாதானம் உங்களோடிருப்பதாக" என்றார். இந்த இடத்தில் ஒருவருக்கொருவர் கை கொடுக்க வேண்டும் என்று பேராயர் புது ஆராதனை முறை அனுப்பி அப்போது அதிக நாள் ஆகவில்லை. முன் பெஞ்சுகள் அதுவரை தலையசைத்தே சமாளித்து வந்தன.

எர்மின் முன் பெஞ்சுக்கு நேரே போய்க் கையை நீட்டினாள்.

கோவில் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. கிளேர்மான்ட் எழுந்தார். நன்றாகச் சிரித்தார். அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அருமையான பிரசங்கம், சகோதரி!" என்றார், பின் பெஞ்சு வரை கேட்கும்படி. அவர் மனைவியும் கையுறைக் கையைக் கொடுத்தார். வெள்ளைத் துணியில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டு மினுங்கியது.

அப்புறம் அணை உடைந்தது. பெஞ்சைத் தாண்டிப் போனார்கள், பாடகர் குழு பாட்டை விட்டுவிட்டு இறங்கி வந்தது, ரம் கடைக்காரன் தன்னோடு ஆயுசுக்கும் பேசாத தம்பியைக் கட்டிக்கொண்டான். சமாதானம் சொல்லி முடிவதற்குள் பீடத்துப் பச்சை வாழைத்தார் பழுத்துவிட்டது. கடைசி பெஞ்சுப் பெண்கள் நிமிர்ந்து நின்று, வந்த ஒவ்வொரு கையையும் வாங்கிக்கொண்டார்கள், மீனை அள்ளித் தட்டில் போடுகிற வேகத்தில்.

ஆராதனை முடிந்து குப்பை பெருக்கும்போது மார்வா முன் பெஞ்சில் எதையோ இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். நாள்பட்ட மீனை வாலைப் பிடித்துத் தூக்குவது மாதிரி.

"அக்கா, சீமாட்டி உரிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கா பாரு."

வலது கையுறை. எர்மின் வாங்கிப் பார்த்தாள்.

"கொடு. எலுமிச்சம்பழம் போட்டு அலசித் தர்றேன். பாவம், ஒத்தக் கையுறையை வச்சுக்கிட்டு என்ன பண்ணும்?"

மத்தியானம் எல்லோரும் கூடத்துக்குத் திரும்பி விடிவெள்ளியின் மீனைக் கடைசிக் கூடை வரை முடித்தார்கள். ஒரு மீன்கூடக் கெடவில்லை. வேலையினூடே பிரசங்கம் இன்னொரு தடவை நடந்தது. இந்தத் தடவை சாப்பிட்டவர்கள் பத்தாயிரம் பேர்.

திங்கட்கிழமை காலையில் எர்மின் கையுறையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தாள். அவளுடைய பலகை கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் புதுசாக ஒரு பெண் கத்தியைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றாள். மற்ற பலகைகளில் கத்திகள் மெதுவாக நடந்தன. கிளேர்மான்ட் தராசுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றார்.

"முதலாளி, நேத்து சகோதரின்னு கூப்பிட்டீங்க."

"அது கோவில் எர்மின். இது சந்தை."

"மீன் எல்லாம் முடிச்சுக் கொடுத்தோமே. ஏதாவது கெட்டுச்சா?"

அவர் எடைக்கல்லை மாற்றினார்.

எர்மின் பலகையை நிமிர்த்தினாள். காகிதத்தைப் பிரித்து, கையுறையை உள்ளங்கை மேலே பார்க்க நடுவில் விரித்து வைத்தாள்.

"அம்மா மறந்துட்டுப் போனது. வாடை போயிடுச்சுன்னு சொல்லுங்க."

கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கூடத்துக்கு எதிரே கடற்சுவர். அதன் மேல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மார்வா மீன்பெட்டியின் மூடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் மடியில் வைத்துவிட்டு, கிளேர்மான்டின் கண் எதிரிலேயே நிமிர்ந்து நடந்து உள்ளே போனாள். முழு மீன் வாங்கியவர்கள் ஒவ்வொருவராக, "பிரசங்கியாரம்மா, முள் எடுத்துத் தர்றீங்களா?" என்று சுவரோரம் நிற்க ஆரம்பித்தார்கள்.

"வரிசையா வாங்கப்பா. ஆண்டவர்கூட அம்பது அம்பது பேராத்தான் உட்கார வச்சார்."

அந்தப் பருவம் முழுவதும் அவள் அங்கேதான் இருந்தாள். வெயிலில் தலைக்கு மாவுச்சாக்கு, மழையிலும் அதே மாவுச்சாக்கு. உள்ளே, கூரைக்கு அடியில், அவளுடைய பலகையில் யாரும் மீன் வைக்கவில்லை. புதுப் பெண்ணுக்குச் சாக்கடையோரம் இடம் கொடுத்தார்கள். கையுறையை எடுக்கப் பெண்களில் ஒருத்தியும் கை நீட்டவில்லை. அதைச் சுற்றி ஈரமும் செதிலும் தெறித்துத் தெறித்துக் காய்ந்தன. கிளேர்மான்ட் பாலாடை நிறக் கோட்டோடு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் சுற்றிக்கொண்டு போனார். உப்பேறி விறைத்துப்போன வெள்ளைக் கை, கொடுத்ததை யாரும் வாங்காத மாதிரி, பலகை மேல் விரிந்தே கிடந்தது.