டோக்கன் குடு

கம்பெனி பஸ் மாதனூரைத் தாண்டும்போது டிரைவர் ஒரு புதுப் பாட்டு வைத்தார். பின்சீட்டுப் பெண்கள் உடனே கை தட்டினார்கள்; அவர்களுக்கு அது ஏற்கெனவே மனப்பாடம்.

"டோக்கன் குடு, டோக்கன் குடு, உன் மனசுக்குள்ள வர டோக்கன் குடு" என்று ஸ்பீக்கரில் ஒருத்தி கொஞ்சினாள்.

ஜன்னலோரம் இருந்த விஜயகுமாரி ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த மெட்டு அவளுடையது. வரிக்கு முன்னால் மூச்சை வெடுக்கென்று இழுக்கும் இடம்கூட அவளுடையது. ஆனால் அவள் கட்டிய பாட்டில் மனசு என்ற சொல்லே கிடையாது.

அந்தப் பாட்டு ஆம்பூர் ஷூ பாக்டரியின் தையல் லைனில் பிறந்தது. பாத்ரூம் போக வேண்டுமென்றால் டோக்கன் வேண்டும். லைனுக்கு ஒரே ஒரு டோக்கன். அதை சூப்பர்வைசர் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். பக்கத்து மெஷின் மோகனா ஒருநாள் மூன்று முறை போய்க் கேட்டாள். "பீஸ் முடிச்சிட்டு வாம்மா" என்று மூன்று முறையும் திருப்பி அனுப்பினார். ஷிப்ட் முடிந்து எல்லோரும் எழுந்தபோது மோகனா எழவில்லை. ஸ்டூலில் ரத்தம். விஜயகுமாரி தன் துப்பட்டாவை அவள் இடுப்பில் சுற்றி, தோளை அணைத்தபடி பஸ் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விஜயகுமாரி தௌசீப்பின் குடோனுக்குப் போனாள். தௌசீப் அகமது தோல் வியாபாரி வீட்டுப் பையன். அதே பாக்டரியின் சாம்பிள் செக்ஷனில் கொஞ்ச நாள் வேலை பார்த்தவன். கேன்டீனில் புளித்த சாம்பாருக்காக அவள் போட்ட சத்தத்தைக் கேட்டுவிட்டு, மறுநாள் வந்து ஹெட்போனை நீட்டியிருந்தான். உள்ளே யாரோ தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா இது, சண்டையா?" என்றாள்.

"பங்க் பாட்டு. இதுக்கு நல்லா பாடத் தெரியணும்னு இல்ல. கிடார்ல மூணு இடத்துல கை வெச்சா போதும், மிச்சம் கோவம். அது உங்கிட்ட ஜாஸ்தியாவே கீது."

ஸ்கூலில் பாட்டு டீச்சர் அவளை வரிசையிலிருந்து எடுத்து வெளியே உட்கார வைத்திருந்தார். கரகரக் குரல். அந்தக் குரலை ஒருவன் தேடி வந்தது அவளுக்கு நம்பவே முடியாத சந்தோஷம். தௌசீப் கிடார், அவன் தோஸ்த் ஷாஹித் டிரம்ஸ், இவள் குரல். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மைக்கைப் பிடித்துக் கத்தினாள்:

"டோக்கன் குடு, டோக்கன் குடு! எவன் பாக்கெட்ல என் மூத்திரம்? டோக்கன் குடு!"

ஷாஹித் அடிப்பதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தான். தௌசீப் மட்டும், "திருப்பிப் பாடு, திருப்பிப் பாடு" என்றான்.

வேலூரில் ஒரு கல்லூரி விழாவில் பாடினார்கள். முன்வரிசைப் பெரியவர்கள் எழுந்து போனார்கள். பின்னால் நின்ற மாணவிகள் மேடைக்கு முன்னால் வந்து சேர்ந்து கத்தினார்கள். யாரோ எடுத்த வீடியோ போன் போனாகச் சுற்றி பாக்டரிக்குள்ளும் வந்தது. அடுத்த வாரமே டோக்கன் சூப்பர்வைசரின் பையை விட்டு, கதவோரம் ஓர் ஆணிக்கு வந்தது. வேண்டியவர்கள் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு பாட்டு ஒரு டோக்கனை நகர்த்தும் என்று விஜயகுமாரி அன்றுதான் கண்டாள்.

அதன் பிறகு தௌசீப் ரெக்கார்டிங் பேசிவிட்டு வருவதாகச் சென்னைக்குப் போனான். வந்த பிறகு அவள் கூப்பிட்டால் அவன் போனை எடுப்பதேயில்லை.

இப்போது பாட்டு பஸ்ஸில் ஓடுகிறது.

அன்று லைனில் மோகனா டோக்கனை எடுக்க எழுந்ததும், கட்டிங் பக்கத்து ஆள் ஒருவன் "டோக்கன் குடு, டோக்கன் குடு" என்று கொஞ்சினான். நாலைந்து பேர் சிரித்தார்கள். சூப்பர்வைசர் ஆணியிலிருந்து டோக்கனை எடுத்துக் கையை உயர்த்திக்கொண்டு, "பாடிட்டு வாங்கிக்கோம்மா" என்றார். மோகனா திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் வரை எழவேயில்லை.

வேலை முடிந்து விஜயகுமாரி நேரே குடோனுக்குப் போனாள். தௌசீப்பும் ஷாஹித்தும் இருந்தார்கள்.

"யாரக் கேட்டுடா மாத்துன?"

"குமாரி, உக்காரு. பழைய வார்த்தைய சென்னைல எவனும் எடுக்கல. மூத்திரம்னு வந்தா ரேடியோல போடுவானா? இப்ப பாரு, ஊரே பாடுது."

"ஊரு இன்னா பாடுதுன்னு தெரியுமா? எங்க லைன்ல வந்து கேளு."

"உன் குரல வெச்சுத்தான் முதல்ல கேட்டேன். பயமா இருக்குன்னுட்டாங்க."

"அந்தக் குரலுக்காகத்தானடா என்னத் தேடி வந்த?"

அவன் கிடாரின் ஆணியைத் திருகிக்கொண்டிருந்தான். ஷாஹித் தலையைத் தூக்கவேயில்லை. அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

"அடுத்த மாசம் வேலூர்ல ஷோ. நீயும் வா. கோரஸ்ல நில்லு" என்றான் தௌசீப்.

அவள் வெளியே வந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் விஜயகுமாரி மோகனாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, அவன் நம்ம பாட்ட வித்துட்டான். நம்மள ஏமாத்திட்டான்."

மோகனா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள். "நம்ம பாட்டா? நீ காலேஜ்ல கத்துனப்ப அந்த வீடியோவப் பாத்துட்டு லைனே என்னத்தான் திரும்பிப் பாத்துச்சு. என் வூட்டுக்காரர் கேட்டாரு, அது நீயான்னு. இப்ப அவன் மாத்தி வித்துட்டான், என்னப் பாத்து சிரிக்கிறாங்க. ரெண்டுத்துலயும் நான்தான குமாரி? நீயும் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல."

"உனக்காகத்தான்கா பாடுனேன்."

"தெரியும்" என்றாள் மோகனா. பஸ் நின்றதும் முன்னால் இறங்கிப் போய்விட்டாள்.

தௌசீப் செய்தது வலித்தது. ஆனால் அதைத் திட்ட வார்த்தை இருந்தது. இதற்கு அவளிடம் வார்த்தை இல்லை.

அன்று முற்பகல் மோகனா மறுபடி எழுந்தாள். மறுபடி அந்தக் கொஞ்சல், அந்தச் சிரிப்பு. சூப்பர்வைசர் கை ஆணிக்குப் போனது. விஜயகுமாரி மெஷினை நிறுத்தினாள். வாய் வரைக்கும் பாட்டு வந்துவிட்டது. மோகனா அவளையே பார்த்தாள், வேண்டாம் என்பதுபோல. விஜயகுமாரி பாட்டை விழுங்கிக்கொண்டு, டோக்கன் இல்லாமல், சூப்பர்வைசரைத் தாண்டி பாத்ரூமுக்கு நடந்தாள்.

"ஏய், டோக்கன் எங்க?"

அவள் திரும்பவில்லை. பின்னால் இன்னொரு ஸ்டூல் நகரும் சத்தத்துக்காகக் காது கொடுத்தபடியே நடந்தாள். மெஷின்கள் ஓடும் சத்தம்தான் கேட்டது.

மத்தியானம் அவளை பேக்கிங் செக்ஷனுக்கு மாற்றினார்கள். ஷூ பெட்டிகளுக்கு மூடி போடும் வேலை. அங்கே சுவரில் ஒரு ரேடியோ இருந்தது. நாளுக்குப் பத்துமுறையாவது அந்தப் பாட்டு வந்தது. பக்கத்தில் வேலை பார்த்த சின்னப் பெண் அதைக் கூடவே முணுமுணுத்தாள்.

"நல்லா இருக்குல்லக்கா?" என்றாள்.

விஜயகுமாரி மூடியை அழுத்தி மூடிவிட்டு, அடுத்த பெட்டியை இழுத்தாள்.