தொண்ணூற்றாறு விழுக்காடு தயார்

நெருப்பு, சக்கரம், அச்சு இயந்திரம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக வரலாற்றில் பொறிக்கத்தக்க செய்தி ஒன்றை இதன்மூலம் சகலருக்கும் அறிவிக்கிறோம்: மினசோட்டாவின் வடக்கு ஓரத்தில், மூன்று பெட்ரோல் பங்குகளும் ஏழு தேவாலயங்களும் உள்ள எங்கள் ஊரின் நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களில் தொண்ணூற்றாறு விழுக்காட்டினர் டிஜிட்டல் யுகத்துக்குத் தயாராகிவிட்டார்கள்.

இப்படி அறிவித்தவர் எங்கள் கல்வி மாவட்டக் கண்காணிப்பாளர் டாக்டர் ராண்டல் ஹோக்கன்சன். 'டாக்டர்' போடாமல் அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வராது. பள்ளி வாகன நிறுத்துமிடங்களை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர்.

ஆசிரியர்கள் தயாரா என்று அவர் கண்டுபிடித்த விதம் எளிமையானது. எங்களையே கேட்டார். இருபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நமக்கு நாமே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். சமூக அறிவியல் நடத்துகிற நான் மதிய உணவுக்கு நடுவில் நான்கு நிமிடத்தில் இருபது ஐந்துகளைப் போட்டு முடித்தேன். உடற்பயிற்சி ஆசிரியர் டுவேன் க்ராஃப்ட் இரண்டே நிமிடத்தில் முடித்தான். அவனுக்குத் தெரிந்த கருவிகளிலேயே மிகச் சிக்கலானது விசில்.

இருபத்தைந்து பேரில் இருபத்துநான்கு பேர் தயார். தயாராகாத அந்த ஒருத்தி லவோன் சுண்ட்பெர்க். இருபத்திரண்டு வருடமாக எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதம் எடுப்பவள். 'பள்ளிக்கு வெளியிலிருந்து கணினி வழியாக உங்களால் வகுப்பு நடத்த முடியுமா' என்ற பதினான்காம் கேள்விக்கு அவள் மூன்று போட்டிருந்தாள்.

ஆசிரியர் அறையில் டுவேன் அவளைப் பிடித்துக்கொண்டான்.

"எதுக்கு மூணு போட்ட?"

"ஞாயித்துக்கெழம வீட்லேருந்து முயற்சி பண்ணிப் பாத்தேன். ரெண்டு தடவ வந்துச்சு, ஒரு தடவ வரல."

"உன்ன யாரு முயற்சி பண்ணச் சொன்னா? முடியுமான்னுதான கேட்டிருக்கு."

மறுநாள் ஹோக்கன்சன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். ஆசிரியர் சங்கப் பிரதிநிதி என்ற முறையில் நானும் கூடப் போய், அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் கடமையை நிறைவேற்றினேன். தயாராகாத ஒருவரிடம் இயற்கணிதத்தை விட்டுவைக்க முடியாது, டுவேனிடம் கொடுத்துவிடலாம், லவோன் சாப்பாட்டுக் கூடத்தைக் கண்காணிக்கலாம் என்றார். லவோன் ஒரு வாய்ப்பு கேட்டாள். அந்த வகுப்பைத் தவிர அவளுக்கு அந்தக் கட்டடத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் யோசித்து, பெருந்தன்மையோடு ஒரு நிபந்தனை விதித்தார். இனிமேல் பனி கொட்டினால் விடுமுறை கிடையாது, எல்லா வகுப்பும் கணினியில் நடக்கும். அப்படி வரும் முதல் நாளில் அவள் வகுப்பில் ஒரு பிள்ளைகூட விடுபடாமல் வருகை பதிவாகியிருந்தால் வகுப்பு அவளுடையது.

இங்கே தொலைபேசி விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கு வெளியிலிருந்து யாராவது பள்ளியின் கணினிக்குள் நுழைய முயன்றால், அந்தக் கணினி அமைப்பு அவருடைய தொலைபேசியை அழைத்து ஆறு இலக்க எண் ஒன்றைச் சொல்லும். ஒரு நிமிடத்துக்குள் அதைத் தட்டினால்தான் கதவு திறக்கும். எந்த எண்ணுக்கு அழைப்பது என்று செப்டம்பரில் படிவம் வந்தபோது சங்கம் கொதித்தெழுந்தது. சொந்தக் கைபேசி சொந்த வாழ்க்கைக்கு, பள்ளி வேலைக்குப் பள்ளித் தொலைபேசி என்று தீர்மானம் போட்டோம். கொண்டுவந்தவன் நான்தான். கைதட்டல் கிடைத்தது. இருபத்துநான்கு பேரும் அவரவர் வகுப்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் தொலைபேசியின் எண்ணை எழுதிக் கொடுத்தோம். லவோன் மட்டும் தன் வீட்டுச் சமையலறை எண்ணைக் கொடுத்தாள். துரோகி என்று அவளை ஒரு வாரம் முறைத்தோம்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை பதினெட்டு அங்குலம் பனி விழுந்தது. காலை ஆறு மணிக்கு ஹோக்கன்சனின் குரல் ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் பதிவுச் செய்தியாக வந்தது. இன்று விடுமுறை அல்ல, இன்று வரலாறு என்றது அந்தக் குரல்.

எட்டு மணிக்கு இருபத்துநான்கு தயாரான ஆசிரியர்கள் மேலே சட்டையும் கீழே பைஜாமாவுமாக உட்கார்ந்து கடவுச்சொல்லைத் தட்டினோம். புது இடமாக இருக்கிறதே என்று அமைப்பு சந்தேகப்பட்டது. உங்கள் தொலைபேசிக்கு அழைக்கிறேன் என்றது. அழைக்கவும் செய்தது.

பள்ளி வாசலில் பனியை அள்ளிக்கொண்டிருந்த துப்புரவாளர் ஆர்லன், பூட்டிய கட்டடத்துக்குள் அத்தனை மணியும் ஒன்றாக அடிப்பதைக் கேட்டு மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். அருகிலிருந்தது என் அறை. நடந்ததை மறுநாள் என்னிடம் சொன்னார்.

"ஒரு பொம்பள ஆறு நம்பரு சொன்னா. தப்பான எடத்துக்குப் போட்டுட்டீங்கம்மான்னு சொன்னேன். காதுலயே வாங்கல, திரும்ப அதே நம்பரச் சொன்னா. சரிம்மான்னு வெச்சிட்டேன்."

டுவேன் சும்மா இருக்கவில்லை. ஆர்லனின் கைபேசிக்கு அழைத்து, உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஓடிப்போய் எண்ணைக் கேட்டுச் சொல்லுமாறு கெஞ்சினான். கூடம் நீண்ட தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கிறது. ஆர்லனுக்கு வயது அறுபத்து மூன்று, ஒரு முழங்கால் உலோகம். அவர் மூன்று முறை ஓடினார், மூன்று முறையும் போய்ச் சேர்வதற்குள் அந்த ஒரு நிமிடம் கடந்துவிட்டது. அன்று எங்கள் பள்ளியில் உடற்பயிற்சி செய்தவர் அவர் ஒருவர்தான்.

ஒன்பது மணிக்கு நான் கணினியை மூடிவிட்டு அப்பம் சுட்டேன்.

லவோனுக்குச் சமையலறையில் மணி அடித்தது. எண்ணைத் தட்டினாள். எட்டு மணி பத்து நிமிடத்துக்கு அவள் இருபடிச் சமன்பாட்டில் இருந்தாள். இருபத்தொரு பிள்ளைகளில் பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். ஒருவன் வீட்டில் மின்சாரம் போயிருந்தது. இன்னொருத்தி கொட்டிலில், கன்று போடும் பசுவோடு இருந்தாள். இருவரையும் வரவில்லை என்று பதிந்தாள். வரவில்லையே, வேறு எப்படிப் பதிவாள்?

வியாழக்கிழமை பள்ளி நூலகத்தில் கல்விக் குழு கூடியது. காகிதக் கோப்பையில் காப்பி, தட்டில் எலுமிச்சை பார் என்ற இனிப்புத் துண்டுகள். ஹோக்கன்சன் திரையில் முடிவுகளைக் காட்டினார். யாராவது வரவில்லை என்று ஆசிரியர் பதிந்தால் ஒழிய, எல்லாப் பிள்ளைகளும் வந்ததாகவே அமைப்பு எடுத்துக்கொள்ளும். ஆகவே இருபத்துநான்கு வகுப்புகளில் வருகை முழுமை. ஒரே ஒரு வகுப்பில் மட்டும் இரண்டு பிள்ளைகள் குறைவு. குழுவினர் வருத்தத்தோடு தலையாட்டினார்கள்.

லவோன் எழுந்தாள்.

"டாக்டர் ஹோக்கன்சன், அந்த இருபத்துநாலு வகுப்பும் நடக்கவே இல்ல."

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது லவோன்," என்றார் அவர். "ஆனா தரவு அப்படிச் சொல்லலையே."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கூட்டத்தில் சங்கத்தின் குரல் நான்தான். நான் வாயைத் திறந்தால் என் இருபது ஐந்துகளும் கூடவே வெளியே வந்துவிடும். தவிர வாயில் எலுமிச்சை பார் இருந்தது. வாயில் உணவோடு பேசக் கூடாது என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். மெதுவாக மென்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

திங்கள் முதல் இயற்கணிதத்தை டுவேன் நடத்துகிறான். மதியம் தட்டை ஏந்திக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தின் மூலைக்கு வந்து, அங்கே நின்றுகொண்டிருக்கும் லவோனிடம் சமன்பாட்டில் எதை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போகிறான். அவளும் சொல்கிறாள், பிள்ளைகளுக்காக.

ஹோக்கன்சனுக்கு மாநில மாநாட்டில் பேச அழைப்பு வந்திருக்கிறது.

புதன்கிழமை மறுபடி பனி கொட்டியது. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள்.