கைதட்டலுக்கு விட்ட இடைவெளி

1

இந்தக் கதை ஒரு மூத்த நடிகைக்கான இரங்கல் கட்டுரையாகத்தான் பிறந்தது. அவர் உயிரோடுதான் இருக்கிறார். ஆனால் பத்திரிகையில் மூத்த கலைஞர்களுக்கு முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவோம். நாள் வந்ததும் தேதியைப் போட்டால் போதும். கேட்கவே கூசுகிறதா? எழுதுகிறவனுக்கும் அப்படித்தான்.

2

முதல் தொடக்கம்: "மேடையிலும் திரையிலும் அம்மாவாகவே வாழ்ந்த..." (வேண்டாம். பெற்ற மகள் படித்தால் சிரிப்பாள்.)

இரண்டாவது: "வீட்டிலோ அவர்..." (அது எனக்கு எப்படித் தெரியும்?)

தெரிந்துகொள்ளத்தான் மகளுக்குப் போன் செய்தேன். சின்ன வயதில் அம்மா கொஞ்சினால் உடனே, "இது எந்த நாடகம்?" என்று கேட்பாளாம். பாதி நேரம் அது ஒத்திகை வசனமாகவே இருக்கும். அம்மாவும் ஒளிக்காமல் நாடகத்தின் பெயரைச் சொல்லிச் சிரிப்பார். இப்போது அம்மாவுக்கு ஞாபகமெல்லாம் போய்விட்டது. கேட்டாலும் பதில் வராது.

3

(இந்தப் பகுதியை எழுதாமல், துடைத்த மேசையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.)

போன வாரம் மகள் தலை வாரிவிடும்போது அம்மா திரும்பி, "நீ வந்ததே போதும். கதவ நான் ஒரு நாளும் சாத்தல" என்றாராம்.

"சொல்லிட்டு என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க சார். கண்ணக்கூட அசைக்கல. எனக்குத் தாங்கல, அழுதுட்டேன்."

அந்த வசனம் எனக்குத் தெரியும். சிறையிலிருந்து திரும்பும் மகனிடம் ஒரு தாய் சொல்வது. மகள் பிறக்கும் முன்பே நின்றுபோன நாடகம். அந்த இடத்தில் அரங்கம் கைதட்டும். அது அடங்கும்வரை அடுத்த வரிக்குப் போகக் கூடாது, பார்வையையும் அசைக்கக் கூடாது. மேடைப் பழக்கம் அது.

அவர் மகளைப் பார்க்கவில்லை. கைதட்டலுக்குக் காத்திருந்தார்.*

* இந்த வரியை அடித்துப் பார்த்தேன். அடித்த பிறகும் படிக்க முடிகிறது.

4

ஒரு முடிவு: அம்மா அப்போது மகளின் கையை இறுகப் பிடித்திருந்தார், அது எந்த நாடகத்திலும்... (இல்லை. மகள் அப்படிச் சொல்லவில்லை. கதை நன்றாக வரும் என்பதற்காக நான் சேர்த்தது.)

இன்னொன்று: உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். அவள் "சரி சார்" என்று வைத்துவிடுகிறாள். அதற்குப் பிறகு அவள் எப்படி அந்தத் தலையை வாருவாள்? எனக்கு எழுத வரவில்லை.

"நீங்க அம்மா நாடகம் ஒண்ணு விடாம பாத்தவரு. சொல்லுங்க, இது எந்த நாடகம்?"

கேட்டுவிட்டாள். என் மௌனத்தையும் அவள் ஏதாவது ஒன்றாக எடுத்துக்கொள்வாள்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

போனை உங்களிடம் தருகிறேன். அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்கும். பார்த்துப் பேசுங்கள்.