கண்ணாடியைக் கழற்றும் முன்

1

இந்தக் கதை ஒரு வாந்தியில் தொடங்கியது. முகத்தைச் சுளிக்காதீர்கள். கரு எங்கே கிடைத்தது என்று கேட்டால் எழுதுகிறவர்கள் மழை, ஜன்னலோரம், ரயில் பயணம் என்று எதையாவது அளந்துவிடுவார்கள். எனக்குக் கிடைத்தது ஓர் ஒத்திகைக் கூடத்தின் கழிப்பறையில், குழாயைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தபோது.

என் நாத்தனார் நடனக்காரி. பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடன ஆசிரியை, மாலையில் வீட்டுக் கூடத்தில் வகுப்பு, நடுவில் ஒரு பெண் குழந்தைக்கு அம்மா. இதெல்லாம் போதாதென்று ஒரு நிகழ்ச்சி தயாரித்தாள். பார்க்க வருகிறவர்கள் முகத்தில் விஆர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார வேண்டும். கண்ணாடிக்குள் வீட்டையும் ஆபீசையும் ஒன்றாகப் பிசைந்த மாதிரி ஓர் அறை தெரியும். அடுப்புக்குப் பக்கத்தில் பைல் கட்டு, கட்டில் நிறையத் துவைக்காத துணி, தரையெங்கும் மணியடிக்கும் போன்கள். நடுவில் ஒரு பெண் உருவம் வேலை செய்துகொண்டே இருக்கும். அதே நேரத்தில் நிஜமான கூடத்தில், நாற்காலிகளுக்கு நடுவே, என் நாத்தனார் ஆடுவாள். அவள் கையிலும் காலிலும் இடுப்பிலும் கட்டிய பட்டைகள் அசைவைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். இவள் கையைத் தூக்கினால் உள்ளே இருப்பவளும் தூக்குவாள். பெண்கள் உழைத்து உழைத்து எப்படிக் கருகிப்போகிறார்கள் என்பதுதான் விஷயம். பின்னணியில் வரும் வசனம் நான் எழுதியது, என் குரலிலேயே பதிவானது.

ஒத்திகையில் கண்ணாடியை மாட்டிய கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை கிறுகிறுத்து, மேற்சொன்ன கழிப்பறைக்கு ஓடினேன். அதற்கப்புறம் யாரும் என்னை மாட்டச் சொல்லவில்லை. எல்லோரும் கண்ணாடிக்குள் இருந்த நேரத்தில் நான் மட்டும் வெறுங்கண்ணோடு இருந்தது அதனால்தான்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"விளக்கு எரிந்தது. இருளின் நடுவே அவள் ஒரு சுடராய்..."

சுடராம் சுடர். அவள் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டவள் நான்.

அடுத்தது: "நவீனப் பெண்ணின் உளச்சோர்வு என்பது சமூக, பொருளாதார, பண்பாட்டுக் காரணிகளின்..." எழுதி முடிப்பதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

அப்புறம், குடும்பத்தில் வம்பு எதற்கு என்று, நாத்தனாரைத் தோழியாக்கிப் பார்த்தேன். தோழியானதும் ஆள் செத்துப்போய்விட்டாள். மரியாதையாக மணியடித்து, மரியாதையாகத் தண்ணீர் குடித்து, மரியாதையாகத் துன்பப்பட்டாள். நாத்தனார் என்றால்தான் நேராகச் சமையலறைக்குள் நுழைந்து, பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்து, "இன்னிக்கும் இதேதானா அண்ணி?" என்று கேட்பாள். ஆகவே நாத்தனாராகவே இருக்கட்டும். மாமியார் படித்தால் படிக்கட்டும்.*

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: வசனத்துக்காக நாங்கள் இருவரும் பல பெண்களிடம் பேசினோம். "சோர்வா இருக்கா?" என்று கேட்டால் ஒருத்தியும் ஆமாம் என்று சொல்லவில்லை. "சோர்வெல்லாம் இல்லைங்க, கொஞ்சம் அசதி, அவ்ளோதான்," என்றார் ஒரு நர்ஸ். சொல்லும்போதே செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் தலையைச் சாய்த்திருந்தார். என்ன வேண்டும் உங்களுக்கு என்று கேட்டதற்கு, "எதுவும் வேணாம். கொஞ்ச நேரம் என்னை யாரும் கூப்பிடாம இருந்தா போதும்," என்றார். அதை அப்படியே வசனத்தில் வைத்துவிட்டேன்.

3

கம்ப்யூட்டர் வேலை முழுவதையும் பார்த்துக்கொண்டவள் ஒரு சின்னப் பெண். கழுத்தில் எப்போதும் ஒயர் சுருள் தொங்கும். கேபிள் என்றே கூப்பிடுவோம், அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

ஓர் ஒத்திகையில் பட்டையின் பேட்டரி போய், கண்ணாடிக்குள் இருந்த உருவம் ஒற்றைக் காலில் அப்படியே நின்றுவிட்டது. நாத்தனாருக்கு அழுகையே வந்துவிட்டது.

"நான் விழுந்தாக்கூட அவ நிக்கக் கூடாது. ஏதாவது பண்ணு."

"பழைய ஒத்திகையெல்லாம் சேவ் ஆகியிருக்குக்கா," என்றாள் கேபிள். "சிக்னல் போனா அதை எடுத்து ஆடுற மாதிரி வெச்சிடறேன். பார்க்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

"தெரியவே தெரியாதா?"

"சத்தியமா தெரியாதுக்கா."

நான்கூட "கெட்டிக்காரி!" என்று அவள் முதுகில் தட்டினேன். ஓய முடியாத பெண்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி, அது எக்காரணம் கொண்டும் ஓய்ந்துவிடாதபடி ஓர் ஏற்பாடு. மூன்று பேரில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை. டீ குடித்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விட்டோம்.

4

அவள் முழங்காலைப் பற்றி இங்கே விரிவாக ஒரு பத்தி வர வேண்டும். வீக்கம் எப்படித் தொடங்கியது, அதை அவள் எப்படி மறைத்தாள், படி ஏறும்போது

[வாசல் மணி அடித்தது. போய்ப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, பார்சலை வாங்கி வைத்து, வந்த வழியில் கிடந்த ஈரத் துண்டை எடுத்துக் கொடியில் போட்டு, திரும்பி வந்தால் வாக்கியத்தைக் காணோம். முழங்கால் வீங்கியிருந்தது. டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். "இந்த ஷோ முடியட்டும்," என்றாள். இவ்வளவுதான் இந்தப் பகுதி.]

5

நிகழ்ச்சி நாள். ஒரே பிற்பகலில் இரண்டு காட்சிகள். முதல் காட்சி நன்றாகப் போயிற்று. இரண்டாவதுக்கு வந்தவர்கள் வராந்தாவில் காத்திருந்தார்கள். அவர்களில் அமைப்பாளரும் ஒருவர். அவருக்குப் பிடித்தால் நிகழ்ச்சி பல ஊர்களுக்குப் போகும். அந்த நர்ஸும் வந்திருந்தார், டியூட்டி முடித்த கையோடு, சீருடையிலேயே.

ஒப்பனை அறையில் நாத்தனார் ஒரு ஸ்டூலில் காலை நீட்டி, முழங்காலில் ஐஸ் பையை வைத்திருந்தாள். கேபிள் கதவை ஒட்டி நின்று ஒயரைச் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிச்சுக்கற தெம்பு எங்க இருக்கு? சொல்லு."

"இந்த ஷோவுக்கு நீங்க ஆடவே வேணாம். உள்ள இருக்கறவளே ஆடிடுவா. எல்லாரும் கண்ணாடிக்குள்ளதான இருக்கப் போறாங்க? கடைசியில கழட்டும்போது மட்டும் வந்து நின்னா போதும்."

[நிகழ்ச்சியின் முடிவு இதுதான்: "கண்ணாடியைக் கழற்றுங்கள்" என்று என் குரல் சொல்லும். எல்லோரும் கழற்றுவார்கள். எதிரே, வேர்க்க விறுவிறுக்க, நிஜமாகவே ஒரு பெண் நின்றுகொண்டிருப்பாள். அந்த வரியை எழுதிய அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்று அந்த வரியைக் கண்டால் எரிச்சலாக இருக்கிறது.]

"நல்ல யோசனைதானே?" என்றேன் நான்.

நாத்தனார் ஐஸ் பையைக் கீழே வைத்தாள். "அப்ப நான் எதுக்கு அண்ணி?"

நான் ஐஸ் பையை எடுத்து மறுபடி முழங்காலில் வைக்கப் போனேன். கையைத் தள்ளிவிட்டாள்.

"ஸ்கூல்ல நான் லீவு போட்டா அன்னிக்கே வேற ஆளைப் போட்டுடறாங்க. வீட்டுல எனக்கு முடியலன்னா ஓட்டல்ல வாங்கிச் சாப்பிட்டுக்கறாங்க. நான் இல்லேன்னா நடக்காதுன்னு இந்த உலகத்துல இருக்கறது இது ஒண்ணுதான். இதையும் தூக்கி அவகிட்ட குடுத்துடவா?"

"அதை விடு. உனக்கு உக்காரணும்போல இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"இருக்கு," என்றாள். கண் கலங்கிவிட்டது. "ரொம்ப ஆசையா இருக்கு. ஆனா உக்காந்தா திரும்ப எழுந்திரிக்கவே மாட்டேனோன்னு பயமா இருக்கு."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பட்டைகளை ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டாள். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாதபோது பக்கத்தில் இருப்பவர் மேல்தானே வரும்.

6

[இதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். அழகாக எழுதிய இரண்டையும் கிழித்துவிட்டேன். பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.]

நான் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி மாட்டாமல் அந்தக் கூடத்தைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். பாதி முகம் மூடிய மனிதர்கள் வாயைத் திறந்தபடி, ஒன்றுமில்லாத மூலைகளைப் பார்த்துத் தலையைத் திருப்புவார்கள். நடுவில் இவள். தரையில் பாதம் தேயும் சத்தம், இவள் மூச்சு, என் குரல்.

ஒரு கட்டத்தில் அவள் நர்ஸின் நாற்காலியிடம் வந்தாள். அங்கே தோளைத் தொட வேண்டும். கண்ணாடிக்குள்ளும் அதே நேரத்தில் ஒரு கை வந்து தொடும். கை தோள்வரை போயிற்று. போய் நின்றுவிட்டது.

நர்ஸ் தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி மூக்கில் சரிந்திருக்க, தலை ஒரு பக்கம் சாய்ந்து, மெல்லிய குறட்டையோடு, நல்ல தூக்கம். அதே நொடியில் ஒலிபெருக்கியில் என் குரல் அவருடைய வரியையே சொல்லிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் என்னை யாரும் கூப்பிடாமல் இருந்தால் போதும்.

நாத்தனார் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அந்தத் தூங்கும் முகத்தையே பார்த்தாள். பிறகு மணிக்கட்டில் இருந்த பட்டையைச் சத்தமில்லாமல் அவிழ்த்தாள். இன்னொரு கை. கணுக்கால்கள். இடுப்பு. எல்லாவற்றின் ஸ்விட்சையும் அணைத்துத் தரையில் வைத்துவிட்டு, வலிக்கும் காலை நீட்டி, நர்ஸின் நாற்காலிக் காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள்.

கேபிளின் திரையில் உருவம் ஒரு முறை உதறியது. பிறகு பழைய ஒத்திகையை எடுத்துக்கொண்டு ஜம்மென்று ஆடத் தொடங்கியது. கேபிள் என்னைப் பார்த்தாள். அவள் வாய் திறந்திருந்தது.

நான் குனிந்தபடியே நாற்காலிகளுக்கு நடுவே போனேன்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. உக்காந்திருக்கேன்."

"வலிக்குதா?"

"இல்ல. நல்லா இருக்கு." அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது போல. "ரொம்ப நல்லா இருக்கு."

எங்களைச் சுற்றி எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள், எங்களுக்காக அல்ல, உள்ளே ஆடுகிறவளுக்காக. பக்கத்து நாற்காலிப் பெண்மணி கையை நீட்டி வெறும் காற்றைப் பிடித்து இழுத்து, "போதும்மா, சித்த நேரம் உக்காரேன்," என்று முனகினார். அவர் கெஞ்சிக் கூப்பிட்டவள் அவர் காலடியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஒலிபெருக்கியில் என் குரல் கடைசிப் பத்திக்கு வந்துவிட்டது.

7

முடிவு ஒன்று. கடைசி நொடியில் அவள் எழுந்துவிடுகிறாள். கழற்றியவர்களின் எதிரே வேர்வையோடு நிற்கிறாள். கைதட்டல். பல ஊர்களுக்குப் போகலாம் என்கிறார் அமைப்பாளர். இவளும் சரி என்கிறாள். (சரி என்பதைத் தவிர இவளுக்கு வேறென்ன சொல்லத் தெரியும்?)

முடிவு இரண்டு. அவள் எழுந்திருக்கவில்லை. கழற்றியவர்கள் எட்டி எட்டி அவளைத் தேடுகிறார்கள். பிறகு முன்னைவிடப் பலத்த கைதட்டல். "அந்த உக்கார்ற இடம் இருக்கு பாருங்க, அதுதான் உயிரே. ஒவ்வொரு ஷோவிலயும் அப்படியே வெச்சிடுங்க," என்கிறார் அமைப்பாளர். அப்புறம் இவள் ஊர் ஊராகப் போய், அதே வரியில், அதே நாற்காலிக் காலில், அதே மாதிரி சாய்ந்து உட்கார வேண்டும். சாய்வு போதவில்லை என்று ஒத்திகையில் நானே திருத்தம் சொல்வேன்.

இதை எழுதியதும் எனக்கு மறுபடி வயிற்றைப் புரட்டியது. கண்ணாடியை மாட்டாமலேயே.

முடிவு மூன்று. நான் வீராங்கனை ஆகிறேன். "நிறுத்துங்க!" என்று கத்தி, விளக்கைப் போடச் சொல்லி, அவளைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து என் மாமியார் குரல்: "வந்துட்டியாம்மா? பாப்பா இன்னும் சாப்பிடல." மாமியார் கெட்டவர் அல்ல, அவருக்கும் காலையிலிருந்து இடுப்பு வலி. நாத்தனார் நொண்டிக்கொண்டே கை கழுவப் போகிறாள்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் அவள் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. நான்காவதாக ஒன்று

[இல்லை. யோசித்துவிட்டேன். அதிலும்தான்.]

8

அன்று உண்மையில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இந்தக் கதையை இதுவரை எழுதி அவளிடம் காட்டினேன். சமையலறையில் நின்றுகொண்டே படித்தாள். உட்கார்ந்து படி என்றால் கேட்டால்தானே. வாந்திக்குச் சிரித்தாள்.

"என் முழங்காலைப் பத்தி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்."

"வாசல் மணி அடிச்சுது."

"அதுவும் சரிதான். எந்த முடிவைப் போடப் போறீங்க?"

"உனக்கு எது வேணும்?"

அடுப்பில் இருந்த பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். திரும்ப மூடினாள்.

"எதை வேணா போடுங்க அண்ணி. என்னை மட்டும் எழுப்பிடாதீங்க."

சொல்லிவிட்டு, வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிவிட்டாள்.

9

ஆகவே நாம் அந்தக் கூடத்திலேயே இருக்கிறோம். நர்ஸ் தூங்குகிறார். கண்ணாடிக்குள் அவள் ஆடிக்கொண்டிருக்கிறாள், ஆடட்டும், அவளுக்கு முழங்கால் கிடையாது. கேபிள் தன் மேசையை விட்டு வந்து எங்கள் எதிரே சம்மணம் போட்டுவிட்டாள். நானும் தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டேன்.

"இன்னும் எவ்ளோ நேரம் இருக்கு அண்ணி?" என்று கண்ணை மூடியபடி கேட்கிறாள் நாத்தனார்.

அந்தக் கடைசி வரிக்கு முந்தைய வரியை என் குரல் சொல்லி முடித்துவிட்டது. அடுத்ததை நான் எழுதப் போவதில்லை. ஆனால் நீங்களும் இந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்கள் முகத்திலும் ஒரு கண்ணாடி இருக்கிறது. அதைக் கழற்ற என் குரல் வேண்டும் என்றில்லை. எப்போது கழற்றினாலும் அவள் எழுந்துவிடுவாள், அவளை எனக்குத் தெரியும்.

உங்களுக்கு அவசரமில்லை என்றால், இன்னும் சற்று நேரம் அப்படியே இருங்கள்.