தூங்காததைப் பெருமையாகச் சொன்னவன்

மனைவி ரஞ்சிதா குளிக்கப் போனால் செங்கோடன் கதவுக்கு வெளியே நின்று பாட்டுப் பாடுவான். அவன் குரலுக்குத் தெரு நாய்களே எழுந்து இடம் மாறிப் படுக்கும். அதைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. பாதியில் நிறுத்தி, "அடுத்த வரி என்ன புள்ள?" என்று கேட்பான். உள்ளேயிருந்து பதில் வந்தால்தான் அவனுக்கு மூச்சு வரும்.

முன்னெல்லாம், "அந்தப் பாட்டு உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு மாமா?" என்பாள். இப்போது வெறும் "ம்" மட்டும்தான்.

இந்தக் காவல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், வெங்காயத்தைப் பற்றிச் சொல்வதுபோலவே சொன்னாள்: "நான் இல்லீன்னா நீங்க கொஞ்சம் நிம்மதியா இருப்பீங்க."

அவன் சிரித்துச் சமாளித்தான். எதற்கும் சிரித்துச் சமாளிப்பது ஒன்றுதான் அவன் கற்ற வித்தை. ஆனால் அன்றிலிருந்து தறியில் நூல் வெட்டும் கத்தரியைக்கூட இடுப்பில் சொருகிக்கொண்டு திரிந்தான். குனியும்போதெல்லாம் அது அவனையே குத்தியது. ஊட்டில் இருந்த பழைய மாத்திரைகளை எங்கேயோ ஒளித்து வைத்தான். பிறகு அவனுக்குத் தலைவலி வந்தபோது அவனுக்கே கிடைக்கவில்லை.

போன வருசமும் ரஞ்சிதா இப்படித்தான் சுருண்டு படுத்தாள். எடப்பாடியில் ஒரு டாக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். கொஞ்ச நாளில் எழுந்துவிட்டாள். எழுந்தாள் என்று சொன்னால் போதாது, பறந்தாள். இந்தத் தடவை அதே டாக்டரிடம் போனபோது அவர் யோசித்துவிட்டு, "சேலத்துல மனநல டாக்டரப் பாத்துருங்க, தள்ளிப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டார்.

சேலம் ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் கூடத்தில், ஊர்க்காரர் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று செங்கோடன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். விளைவாக, எல்லோரும் அவனையே பார்த்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஜெபமாலையோடு ஓர் அம்மா இருந்தார்.

"மொத தடவைங்களா?"

"இல்லீங்க, ஒரு சொந்தக்காரரப் பாக்க வந்தோமுங்க."

"எம் மகனுக்காக வரப்ப நானும் ரெண்டு வருசம் அப்படித்தான் சொன்னேன்" என்றார் அந்த அம்மா. பேர் சகாயம்மாள். "துண்ட எடுங்க தம்பி, வேர்க்குது பாருங்க."

டாக்டர் வினோலியா ரஞ்சிதாவிடம்தான் முதலில் பேசினார். தூக்கம், சாப்பாடு எல்லாம் கேட்டுவிட்டு, அதே குரலில் அடுத்ததையும் கேட்டார்.

"சாகணும்னு தோணுதாம்மா?"

இத்தனை நாளாகச் செங்கோடன் சுற்றிச் சுற்றி வந்த சொல்லை இந்த டாக்டரம்மா, காபி குடிச்சீங்களா என்கிற மாதிரி கேட்டுவிட்டார்.

"தோணுதுங்க" என்றாள் ரஞ்சிதா. "எந்திரிக்கவே தெம்பில்லீங்க. அதனால இருக்கேன்."

டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டு அவன் பக்கம் திரும்பினார். "நல்லா இருக்கறப்ப எப்படி இருப்பாங்க?"

அப்பாடா, பதில் தெரிந்த கேள்வி. தறி ஓடும் ஊரில் பிறந்தவனுக்கு மெல்லப் பேச வராது. பக்கத்தில் இருப்பவனிடம் ரகசியம் சொன்னாலும் நாலு ஊடு தள்ளிக் கேட்கும். அந்தக் குரலில் ஆரம்பித்தான்.

"நல்லா இருந்தா இவள அடிச்சுக்க ஆளே இல்லீங்க. போன ஆடில அஞ்சாறு நாள் கண்ணே மூடல. பகல் ஷிப்ட்டும் இவதான், ராத்திரி ஷிப்ட்டும் இவதான். மத்தவங்க ரெண்டு தறி பாத்தா இவ நாலு. களைப்பா, அப்புடின்னா என்னன்னு கேப்பா. சாமத்துல எங்க ஓனர் கைலாசத்த எழுப்பி, புதுசா டிசைன் தோணுச்சுன்னு படம் போட்டுக் காட்டுனா. தெருப் பொம்பளைங்களுக்கெல்லாம் சேலை எடுத்துக் குடுத்தா. ஓனரே மத்த ஆளுங்ககிட்ட, தொழில்னா ரஞ்சிதாவப் பாத்துக் கத்துக்கங்கடான்னாரு. அந்த மாதிரி ஆக்கிக் குடுங்க டாக்டர், அது போதுமுங்க."

டாக்டரின் பேனா எப்போதோ நின்றிருந்தது. கதவுக்கு வெளியே கூடமும் அமைதியாகியிருந்தது.

"இத முந்தி பாத்த டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"இதயா? இது நோவில்லீங்களே. நல்லா இருந்ததுங்க."

"அதும் நோய்தாங்க" என்றார் டாக்டர். "இந்தப் பள்ளமும் அந்த மேடும் சேந்து ஒரே நோய். பைபோலார்னு சொல்லுவோம். பள்ளத்த மட்டும் சொன்னா, சோர்வுக்கு மட்டும் மாத்திரை குடுப்பாங்க. அது சில பேர அப்படி மேல தூக்கி விட்டுரும். அப்புறம் இன்னும் ஆழமா விழுவாங்க. ரெண்டையும் சமமா வெக்க வேற மருந்து இருக்கு."

செங்கோடன் இடுப்புக் கத்தரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஊர் முழுக்கச் சொல்லி மாய்ந்த பெருமை. டீக்கடையில், கல்யாண வீட்டில், கேட்காதவனையும் நிறுத்தி வைத்துச் சொன்னது. காய்ச்சலில் உடம்பு கொதித்தவளைப் பார்த்து, என்ன கதகதப்பு என்று மெச்சிய கதைதான்.

"அப்ப அந்த ரஞ்சிதா திரும்ப வரமாட்டாளுங்களா?" கேட்டுவிட்டான். முதல் தடவையாக அவன் குரல் தாழ்ந்து வந்தது.

பதில் டாக்டரிடமிருந்து வரவில்லை.

"அப்பவும் எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு மாமா" என்றாள் ரஞ்சிதா, மேசையைப் பார்த்தபடி. "நிக்கத் தெரியாமத்தான் ஓடுனேன். தல வெடிச்சுருமாட்ட இருந்துச்சு. நீங்க நெம்பச் சந்தோசமா எல்லாருகிட்டயும் சொல்லிட்டிருந்தீங்க. அதான் சொல்லல."

அவனுக்கு ஒரு வேடிக்கையும் தோன்றவில்லை. தேடிப் பார்த்தான், இல்லை.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒரு நிமிசமும் தனியாக விடாமல் ஊட்டில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் சாகிற நினைப்பு இருப்பதால் கொஞ்ச நாள் இங்கேயே சேர்ப்பதுதான் நல்லது. "முடிவு உங்களோடதும்தாம்மா" என்றார் ரஞ்சிதாவிடம்.

"சேத்துக்கங்க" என்றாள். "இவரு பாட்டுல இருந்தாவது தப்பிச்சுக்கறேன்."

செங்கோடன் பதறி எழுந்தான். "டாக்டர், கிண்டல் பண்றாளுங்க. மேல போறாளோ?"

"உக்காருங்க. ஒரு கிண்டலுக்கெல்லாம் பயப்படாதீங்க. தூக்கம் கொறையுதா, பேச்சு நிக்காம ஓடுதான்னு பாருங்க. அப்படித் தெரிஞ்சா பெருமைப்படாம இங்க போன் பண்ணுங்க."

வெளியே வந்ததும் சகாயம்மாள் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார். உள்ளே பேசியது அத்தனையும் கேட்டிருக்கிறது என்று அந்த முகத்திலேயே தெரிந்தது. "எம் மகன் தூங்காமப் படிக்கறான்னு நான் மாதா கோயில்ல நன்றிப் பூசை வெச்சேன் தம்பி" என்றார். "மாசத்துல ஒரு ஞாயிறு எங்கள மாதிரிக் குடும்பங்க இங்க கூடிப் பேசுவோம். வாங்க. ஆனா கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

வார்டில் நர்ஸ் அவன் இடுப்பிலிருந்த கத்தரியை வாங்கி வைத்துக்கொண்டு, "அட்மிஷன் யாருக்குங்க?" என்று அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

மறுநாள் மத்தியானம் ரஞ்சிதா தூங்கினாள். செங்கோடன் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அது கொஞ்சம் தாமதமானால் எழுந்து குனிந்து பார்த்தான். மருந்து கேட்குமா, இரத்தப் பரிசோதனையில் என்ன வருமோ, ஊட்டுக்குப் போனபின் வெங்காயம் உரிக்கையில் மறுபடி அதைச் சொல்வாளோ. போன் அதிர்ந்தது. ஓனர் கைலாசம்.

"செங்கோடா, ரஞ்சிதா எப்பத் தறிக்கு வருது? நாலு தறியும் சும்மா கெடக்குது."

"தூங்கறாளுங்க" என்று கிசுகிசுத்தான்.

"என்னது?" அந்தப் பக்கம் தறிகள் தடதடத்தன.

"தூங்கறாளுங்க."

"கேக்கலப்பா, சத்தமாச் சொல்லு."

அவனுக்குத் தெரிந்த ஒரே வழிதான் இருந்தது. "அவ தூங்கறாளுங்க. இனி ராத்திரி ஷிப்ட்டுக்கு வரமாட்டாளுங்க."

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஓடி வந்தாள். செங்கோடன் கட்டிலைப் பார்த்தான்.

ரஞ்சிதா கண்ணைத் திறக்கவில்லை. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

"கத்தாதீங்க மாமா. தூங்கறேன்ல."