டப்பா அக்காவின் வெள்ளை மாத்திரை

"அந்த டப்பாவை இப்படிக் குடுங்க."

சலவைக்கூடத்தில் என்ன வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று அம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தாள். மகள் கேட்டே விட்டாள்.

மேற்பார்வை பார்க்கிற டப்பா அக்காவின் கையை விட்டு அந்தத் தகர டப்பா இறங்கியதே இல்லை. நாள் முழுக்க நின்று ஆஸ்பத்திரி விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் பெண்களில் எவளுக்கு முதுகு பிடித்தாலும் உடனே ஒரு வெள்ளை மாத்திரை. வெறும் வயிற்றில் போட்டால்தான் சட்டென்று கேட்கும் என்பது அக்காவின் வைத்தியம். போட்டவள் லீவு கேட்க மாட்டாள் என்பது முதலாளியின் நிம்மதி.

"உனக்கெதுக்குடி டப்பா?"

"வயிறு எரியுதுன்னு அம்மா சொன்னப்ப என்ன குடுத்தீங்க?"

"இதைத்தான். வலின்னா வலி மாத்திரை. இதுல என்ன குத்தம்?"

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது, உயிர்வேதியியல். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இங்கே அழுக்குத் துணிக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"வயித்துல ஊறுற ஆசிட் கறியையே கரைக்கும்க்கா. வயிறு மட்டும் ஏன் கரையல? வழவழன்னு ஒரு சளியைத் தன்மேல பூசி வெச்சிருக்கு. ஆசிட்டை முறிக்கிற உப்பும் அதுல கலந்திருக்கு. இந்த மாத்திரை வலியோட சேர்த்து அந்தப் பூச்சு ஊறுறதையும் அடக்கிடும். அப்புறம் வயிறு தன்னையே தின்னும். புண்ணாக்கின மாத்திரையவே புண்ணுக்கும் குடுத்திருக்கீங்க!"

"வந்துட்டா பெரிய டாக்டரு! நானும் வருஷக்கணக்கா முழுங்குறேன். செத்தா போயிட்டேன்?"

கூடம் சிரித்தது. ஆனால் அக்காவின் கை தன் மேல்வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தது.

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "வாயை மூடுடி, மானம் போவுது."

"காலையில வெளிக்கி தார் மாதிரி கறுப்பா போச்சுன்னு நீதானேம்மா சொன்னே? அது ரத்தம்மா."

சிரிப்பு நின்றது. டப்பா அக்கா மூடியைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை நீட்டினாள்.

"டாக்டர்கிட்ட காட்டு." குரல் இறங்கியிருந்தது. "ஆனா பாதி வேலையில போனா முதலாளி ரெண்டு பேரையும் திரும்பச் சேர்க்க மாட்டாரு. நல்லா யோசிச்சுக்கோ."

யோசிக்க என்ன மிச்சம்? மகள் அன்று ஏப்ரனே கட்டாமல்தான் வந்திருந்தாள். அம்மாவின் ஏப்ரன் முடிச்சையும் அவிழ்த்து மேசைமேல் போட்டாள்.

"நீங்களும் போய்க் காட்டுங்கக்கா," என்று சொல்லிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.